எங்க பக்கத்து ‘போர்’

எங்க பக்கம் ஒருத்தர் ‘போர்’ என்று பேச்செடுத்தால், எதைச் சொல்கிறார் என்று தெரிய இன்னும் ரெண்டு வார்த்தை பொறுக்க வேண்டும். “போர்ல தண்ணி எப்படீங்க?” என்றால் நிலத்தடி. “போர் தேஞ்சு போச்சுங்க, லைனர் மாத்தணும்” என்றால் லாரி இன்ஜின். “மழைக்கு முன்னால போர் போட்டு முடிச்சறணும்” என்றால் அது ரிக் வண்டிக்கும் பொருந்தும், களத்தில் காய்கிற சோளத்தட்டுக்கும் பொருந்தும். “போர் அடிக்குது” என்றால் சொல்கிறவரைப் பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளை சொன்னால் சலிப்பு. “அக்கா எங்கடா?” என்று கேட்டதற்குத் தம்பி சொன்னால், அக்கா தெருமுனை அடிபம்பில் குடத்தோடு நிற்கிறாள்.

தமிழ்ப் போர் இரண்டு. ஆங்கிலப் போர் நாலு. பி, ஓ, ஆர், ஈ என்று எழுதுகிற அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒரே சொல் என்று நினைக்கத் தோன்றும். பிறப்பு விசாரித்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை அதில் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் உட்கார்ந்து இதை எழுத எனக்கு ஒரு காரணமும் இருக்கிறது. இந்தச் சொல்லை நம்பிச் சோறு தின்கிற ஊர் என்றால் இந்தியாவில் முதலில் வருவது எங்கள் திருச்செங்கோடு.

முதல் போர், துளை. பழைய ஆங்கிலத்தில் ‘போரியன்’ என்றால் துளையிடுதல். தச்சர் கையில் இருக்கும் துரப்பணத்துக்கும் அதே வேரில் ஒரு பெயர் இருந்தது. ஜெர்மனியில் இன்றைக்கும் ‘போரன்’ என்கிறார்கள், டச்சுக்காரர்கள் ‘போரென்’ என்கிறார்கள். லத்தீனில் இதன் பங்காளி ‘ஃபோராரே’. அங்கிருந்துதான் ‘பெர்ஃபரேட்’ என்ற சொல் வந்தது. தபால்தலையைக் கிழிக்க வசதியாக வரிசையாகக் குத்தியிருக்கும் ஓட்டைகளும், குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்பதற்கு டாக்டர் எழுதும் ‘பெர்ஃபரேஷன்’ என்ற சொல்லும், நம் தோட்டத்துப் போரும் ஒரே குடும்பம். மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் ஓட்டைக்கு மருத்துவ மாணவர்கள் படிக்கும் ‘ஃபோரமென் மேக்னம்’ என்ற பெயரும் அதே வேர்தான்.

இந்தச் சொல்லில் ஆழம் என்கிற கருத்து கிடையாது. மரப்பலகையில் விரல்கடை அளவு துளைத்தாலும் போர்தான். ஆழத்தைச் சேர்த்தது தமிழ். செய்தித்தாளும் அரசாங்கமும் எழுதுகிற ‘ஆழ்துளைக் கிணறு’ நல்ல சொல். ஆனால் எங்கள் ஊரில் அதை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. “போர் போட்டிருக்குதுங்க” என்பதோடு சரி. எத்தனை அடி என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு வருகிற பதில்தான் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

போர் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நீரோட்டம் பார்க்கிறவர் வருவார். சிலர் வேப்பங்குச்சியைக் கவட்டையாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், சிலர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார்கள், இப்போது மெஷின் வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. பாயிண்ட் குறித்து, கல் நட்டு, ஏஜென்ட்டுக்குச் சொல்லியனுப்பினால் ரெண்டு வண்டி வரும். ஒன்று ரிக், இன்னொன்று கம்ப்ரசரும் ராடும் சுமந்து வருவது. பெரும்பாலும் ராத்திரியில்தான் வந்து நிற்கும். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்த பிறகுதான் கம்பம் நிமிரும்.

மேல்மண் இளகலாக இருக்கிற வரைக்கும் கேசிங் பைப்பு இறங்கும். கேசிங் எத்தனை அடி இறங்குகிறது என்பதிலேயே தோட்டக்காரருக்குப் பாதி உயிர் போய்விடும், ஏனென்றால் அதற்குத் தனிக் காசு. பாறை பிடித்ததும் சத்தம் மாறும். ராடின் நுனியில் இருக்கும் ஹேமரை, கம்ப்ரசர் அனுப்புகிற காற்று இயக்குகிறது. அது பாறையை இடித்துக்கொண்டே சுற்றும். இடிபட்ட பொடியை அதே காற்று மேலே தள்ளும். ராடு ஒவ்வொன்றும் இருபது அடி. ஒன்று இறங்கியதும் அடுத்தது கோர்ப்பார்கள். கூலி அடிக்கணக்கில். முதல் முந்நூறு அடிக்கு ஒரு ரேட், அதற்குப் பிறகு நூறு அடிக்கு நூறு அடி ஏறும். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ராடை எண்ணிக்கொண்டே இருப்பார் தோட்டக்காரர். வெறும் பொடியாக வந்தால் “புகையுதுங்க” என்பார்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைப் போல் நெஞ்சை அடைக்கிற சொல் வேறு இல்லை. ஈரம் தெரிந்து, பொடி சேறாகி, பிறகு பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது, அந்த நேரத்துக்கும் ஊரே எழுந்து வந்து நிற்கும்.

“இன்னும் நூறு அடி ஓட்டிப் பாக்கலாமுங்க மாமா. பக்கத்துத் தோட்டத்துல எண்ணூறுலதான் கெடச்சுது.”

“அதுக்கு மேல எங்கிட்ட தெம்பில்லீங்க மாப்ள. நிறுத்திக்கலாம்.”

ஏஜென்ட்டும் தோட்டக்காரரும் இப்படிப் பேசிக்கொள்வதை எங்கள் பக்கத்தில் கேட்காதவர் இருக்க மாட்டார்கள்.

கிடைத்த தண்ணீரை இஞ்சுக் கணக்கில் சொல்வதும் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. “ஒண்ணரை இஞ்சு தண்ணி” என்றால் குழாயின் அளவல்ல. ‘வி’ எழுத்துப் போல வெட்டிய தகட்டின் வழியே தண்ணீரை ஓடவிட்டு, அந்த வெட்டில் எத்தனை இஞ்சு உயரத்துக்கு ஓடுகிறது என்று பார்க்கும் அளவு அது. துளையின் அகலத்துக்கு வேறு கணக்கு. நாலரை இஞ்சு போர், ஆறரை இஞ்சு போர். இது போக சைடு போர் ஒன்று உண்டு. திறந்த கிணற்றின் அடியில் ஆள் இறங்கி, பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் துளைப்பது. கிணறு வற்ற ஆரம்பித்த காலத்தில் முதலில் செய்து பார்த்தது அதைத்தான்.

பாறைக்குள் இப்படி வேகமாகத் துளைக்கிற ஹேமர் முறை இந்தியக் கிராமங்களுக்குப் பரவலாக வந்தது 1960களின் கடைசியில். 1966-67இல் பிகாரில் பெரும் வறட்சி. குடிதண்ணீருக்காக யுனிசெஃப் நிறுவனம் வெளிநாட்டிலிருந்து ரிக்குகளைக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு வந்தது. அதைச் செய்ததில் சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு, களச்சோதனை நடந்தது கோயம்புத்தூர்ப் பக்கம். தெருவுக்குத் தெரு நின்ற அந்தப் பம்பைத்தான் எங்கள் பெண்கள் ‘போர்’ என்றார்கள். “போர் அடிச்சுட்டு வர்றேன்” என்ற பேச்சு அப்படிப் பிறந்தது.

திருச்செங்கோட்டுக்காரர்கள் அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். மழை ஒதுங்கிப் போகிற மானாவாரி பூமி, ஏற்கெனவே லாரித் தொழில் பழகிய கைகள், பங்கு சேர்ந்து வண்டி வாங்குகிற வழக்கம், எல்லாம் சேர்ந்து கொடுத்த தைரியம். கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கே போனாலும் டிஎன் 34 என்று எண் போட்ட ரிக் ஒன்று ரோட்டோரம் நிற்பதைப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. முன்பு உள்ளூர் ஆட்கள் மட்டும் வண்டியேறிப் போனார்கள். இப்போது ராடு கோர்க்கிற வேலையில் வடமாநிலப் பையன்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பையன்களின் வேலை கடுமையானது. காதைச் செவிடாக்குகிற சத்தத்திலும் நுரையீரலுக்குள் போகிற கல்பொடியிலும் ராத்திரி பகல் நிற்கிறார்கள். அவர்களுக்கு முகமூடியும் காதடைப்பானும் கொடுக்க வேண்டும் என்பதை வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ரிக் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அது கப்பல்காரர்களின் சொல். பாய்மரத்தைக் கயிறு கட்டி நிறுத்திக் கடலுக்குத் தயார் செய்வதை 15ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் சொன்னார்கள். ஸ்காண்டிநேவிய மொழிகளில் ‘கட்டு’ என்ற பொருள் தருகிற சொல்லோடு உறவு இருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குதிரை பூட்டிய வண்டி ரிக் ஆனது, பிறகு லாரி ரிக் ஆனது, கிணறு துளைக்கும் பொறியும் ரிக் ஆனது. திருச்செங்கோட்டு வண்டியைப் பாருங்கள்: அது லாரி, அதன்மேல் கப்பலைப் போலக் கம்பம், கம்பத்தில் வடம், கீழே துளைக்கும் பொறி. அந்தச் சொல் கடந்துவந்த வழி முழுக்க அந்த ஒரு வண்டியில் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் ஆங்கிலப் பேப்பர்கள் எழுதும் ‘ரிக்கிங்’, அதாவது முடிவைத் திருட்டுத்தனமாக மாற்றுவது, வேறு சொல்லாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் ஏமாற்று வேலைக்கு ரிக் என்று ஒரு கொச்சைப் பேச்சு இருந்தது.

நாமக்கல்லுக்கு வந்தால் போர் இரும்புக்குள் இருக்கிறது. சிலிண்டரின் உள்விட்டம்தான் போர். பிஸ்டன் ஏறி இறங்கித் தேய்ந்து, வட்டமாக இருக்க வேண்டியது நீள்வட்டமாகிவிட்டால் வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும், ஏற்றத்தில் இழுக்காது. “போர் போயிருச்சுங்க” என்பார் மெக்கானிக். லைனர் உள்ள இன்ஜினென்றால் லைனர் மாற்றுவது, இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, பெரிய அளவு பிஸ்டன் போடுவது. சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் பத்தாவது தாண்டாத பையன்கள் ஒரு நூலில் எத்தனையில் ஒரு பங்கு என்று விரல் நுனியில் சொல்வார்கள்.

இந்த வேலைக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது, பட்டறைப் பையன்களுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று எனக்கு வருத்தம். ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினுக்குத் திட்டம் போட்டுவிட்டார், ஆனால் சிலிண்டரை ஒழுங்கான வட்டமாகத் துளைத்துத் தர ஆள் கிடைக்கவில்லை. நீராவி கசிந்துகொண்டே இருந்தது. ஜான் வில்கின்சன் என்ற இரும்பு வார்ப்புக்காரர் 1774இல் பீரங்கி துளைக்கப் புது முறை கண்டுபிடித்தவர். அடுத்த வருஷம் சிலிண்டர் துளைக்கும் இயந்திரத்தைச் செய்தார். துளைக்கும் தண்டை ஒரு பக்கம் மட்டும் பிடிக்காமல் இரு முனையிலும் தாங்கவிட்டார், அவ்வளவுதான். வாட்டின் கூட்டாளி போல்டன், அந்தப் பெரிய சிலிண்டர் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமனளவுகூடத் தப்பவில்லை என்று பூரித்து எழுதினார். வில்கின்சன் துளைத்துத் தராவிட்டால் தொழிற்புரட்சியின் நீராவி இன்ஜின் காகிதத்திலேயே நின்றிருக்கும். இன்றைக்கு நாமக்கல் லேத்தில் ரீபோர் செய்கிறவர் அந்த மனிதரின் வாரிசு.

துளைத்தால் சூடு வரும் என்பது ராடு கழற்றுகிற பையனுக்குத் தெரியும். அந்தச் சூட்டிலிருந்து ஒரு பெரிய உண்மையை எடுத்தவர் ரம்ஃபோர்டு பிரபு. மியூனிக் ஆயுதக் கிடங்கில் குதிரைகளை வைத்துச் சுற்றிப் பீரங்கியைத் துளைக்கும்போது, அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். தீயே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. வெப்பம் என்பது ஒரு பொருள் அல்ல, இயக்கம்தான் என்று 1798இல் அவர் வாதிட்டார். துப்பாக்கிக்கும் போர் உண்டு. பேங்க் வாசலில் காவலாளி வைத்திருக்கிற ‘12 போர்’ துப்பாக்கி என்றால், அந்தக் குழாயின் விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று அர்த்தம். அதனால்தான் எண் கூடக் கூடக் குழாய் சிறுத்துக்கொண்டே போகும்.

இனி இரண்டாவது ஆங்கிலப் போரான சலிப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வயதில் இளையது. 1760களுக்கு முன்னால் எழுத்தில் கிடையாது. 1768இல் கார்லைல் பிரபு தன் நண்பர் ஜார்ஜ் செல்வினுக்கு எழுதிய கடிதத்தில், பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு அலுத்துப்போகவிருக்கும் நண்பர்களுக்காக இரக்கப்பட்டு இந்த வினையைப் பயன்படுத்தினார். திடீரென்று இது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. துரப்பணம் போல மெதுவாக, விடாமல், ஒரே இடத்தில் குடைந்துகொண்டே இருப்பதால் வந்திருக்கலாம் என்று ஒரு ஊகம். ராத்திரி முழுக்க ரிக் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்தவர்களுக்கு அந்த ஊகம் சரியென்றே படும். பிறகு 1852இல் தொடராக வர ஆரம்பித்த டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில், எல்லாம் இருந்தும் எதிலும் மனம் ஒட்டாத டெட்லாக் சீமாட்டியின் நோய்க்கு அதுவே பெயரானது.

நமக்கு அது ‘அடி’ சேர்த்துக்கொண்டு வந்தது. டைப் அடி, சைட் அடி, போன் அடி என்று ஆங்கிலப் பெயர்ச்சொல் எது கிடைத்தாலும் பின்னால் ஓர் அடியைச் சேர்த்துத் தமிழ் வினையாக்கிவிடுவோம். போரடிக்குது என்பதும் அந்த வரிசைதான். ஆனால் தற்செயலாக, போரடித்தல் என்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நம்மிடம் வேறொன்று இருந்தது. அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பூட்டிச் சுற்றிச் சுற்றி ஓட்டி மணியைப் பிரிப்பது. மதுரைப் பக்கத்தில் யானை கட்டிப் போரடித்தார்கள் என்று பெருமை பேசுவார்களே, அந்தப் போர். மாடு ஒரே வட்டத்தில் சலிக்காமல் சுற்றுவதால் சலிப்புக்குப் போரடித்தல் என்று பெயர் வந்தது, ஆங்கிலமே நம்மிடம் கடன் வாங்கியது என்று சொல்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. களத்தில் போரடிக்கிற நாள் எங்கள் ஊரில் வருஷத்திலேயே மகிழ்ச்சியான நாள். அந்த வேலையைச் சலிப்போடு சேர்த்து ஒரு குடியானவரும் பேசியிருக்க மாட்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் உடம்போ மனசோ ஓய்ந்தால் “சடைவா இருக்குது” என்பார்கள். அந்தச் சொல் இருக்கிற வரை சலிப்புக்குக் களத்தை இழுக்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

தமிழின் இரண்டு போரும் பழையவை. பொருதல் என்ற வினையிலிருந்து சண்டை. களத்திலிருந்து வைக்கோற்போர், தட்டுப்போர், கடலைக்கொடிப் போர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சங்கப் புலவர்கள். போர்க்களத்தை நெற்களமாகப் பார்த்துப் பாடுவதற்கு ‘ஏர்க்கள உருவகம்’ என்று புறநானூற்றில் ஒரு துறையே உண்டு. இந்த வகையில் இன்னொரு சொல்லும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது: கவலை. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தோல்சாலில் தண்ணீர் இறைப்பதற்குக் கவலை ஓட்டுவது என்று பெயர். மோட்டார் வந்து அந்தக் கவலை போனது. போர் வந்த பிறகு மற்றது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது ஆங்கிலப் போர், ஆற்றுக்குள் எதிர்த்து ஏறிவரும் கடல் அலை. கடல் பொங்கும்போது குறுகிய முகத்துவாரத்தில் தண்ணீர் சுவர் போல எழுந்து மேலேறும். இங்கிலாந்தில் செவர்ன் ஆறு, சீனாவில் சியான்டாங் ஆறு, நம் நாட்டில் ஹூக்ளி. வங்காளிகள் அதற்கு ‘பான்’ என்று சொந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய நார்ஸ் மொழியில் ‘பாரா’ என்றால் அலை, அதிலிருந்து வந்தது இது. துளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் மலைகளுக்கும் அந்த ஹூக்ளிக்கும் ஆனால் ஒரு சம்பந்தம் உண்டு. ஹூக்ளிக் கரையில் கல்கத்தாவில் அடக்கமானவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக். அவருடைய கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறை. அந்த வகைப் பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் சார்னாக்கின் பெயரையே வைத்து ‘சார்னோக்கைட்’ என்றார். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அந்தப் பாறைதான். மலையடிவாரத்தில் ரிக் வண்டி திணறுகிறபோது எதிர்த்து நிற்பது அதுவே.

நாலாவது, ‘பேர்’ என்ற வினையின் இறந்தகாலம், சுமந்தான் என்ற பொருளில். இதன் ஆதிவேரும் சமஸ்கிருதத்தின் ‘பார’ என்ற சொல்லின் வேரும் ஒன்று. அங்கிருந்து தமிழுக்கு வந்தது பாரம். “பாரம் ஏத்தியாச்சா?” என்று நாமக்கல் லாரி ஆபீசில் கேட்கிறார்களே, அந்தப் பாரமும் ஆங்கிலத்தின் இந்தப் போரும் ஒன்றுவிட்ட உறவு. எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

சொல்லை விட்டு மறுபடியும் துளைக்கே வருகிறேன், ஏனென்றால் மற்றப் போர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். எங்கள் பூமி கெட்டிப் பாறை. மேலே உளுத்த பாறையிலும், கீழே ஆங்காங்கே இருக்கும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஆழம் போகப் போக அந்த வெடிப்புகள் குறைந்துகொண்டே போகும். ஆயிரம் அடிக்குக் கீழே கடல் ஒன்று காத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் நிலத்தை அடகு வைத்துத் துளைக்கிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல பிர்க்காக்கள், மழை நிரப்புவதைவிட அதிகமாக இறைத்துவிட்டவை என்று அரசாங்கமே வகைப்படுத்தியிருக்கிறது. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் போர் பேசும். திருமணிமுத்தாற்றையும் சரபங்காவையும் ஏரிகளையும் சரியாக வைத்திருந்தால் அடுத்த நூறு அடிக்குக் கொடுக்கிற காசு மிச்சம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதைவிட அவசரமானது புகைந்துபோன போர்கள். தண்ணீர் கிடைக்காத துளையிலிருந்து கேசிங் பைப்பை உருவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அடுத்த தோட்டத்துக்கு ஆகுமே என்று. மேல்மண் சரிந்து வாய் அகலமாகும். மேலே ஒரு கோணிச்சாக்கு, ஒரு கல். 2019 அக்டோபர் 25ஆம் தேதி மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்ட துளையொன்றில் விழுந்தது. பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டப் பெரிய ரிக் கொண்டுவந்தார்கள். பாறை விடவில்லை. அந்தத் தீபாவளியைத் தமிழ்நாடு டிவி முன்னால் உட்கார்ந்து அழுதே கழித்தது. 29ஆம் தேதி விடிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

சட்டம் இல்லாமல் நடந்ததல்ல. 2010லேயே உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்துவிட்டது. போர் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்னால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தோண்டும் இடத்தில் அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் வேண்டும். கேசிங்கைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டி, பைப்பின் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ மூடி போட்டு போல்ட் முடுக்கியோ அடைக்க வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். 2015இல் தமிழ்நாடு அரசும் ஊராட்சிப் பகுதிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது.

உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ தண்ணீர் வராத போர் திறந்து கிடந்தால், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். மழைநீர் இறங்குகிற மாதிரி வடிகட்டித் தொட்டி கட்டி ஊறவைக்க முடிந்தால் கட்டுங்கள். முடியாவிட்டால் மண்ணும் கல்லும் போட்டு மட்டமாக நிரப்புங்கள். அதற்கும் நாளாகுமென்றால் இன்றைக்கே ஒரு இரும்பு மூடியைப் பற்றவையுங்கள். உரிமையாளர் வெளியூரில் இருந்தால் ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். ரிக் வண்டி வைத்திருக்கிற எங்கள் ஊர்ச் சொந்தங்களே, புகைந்த போரின் வாயை அடைக்காமல் கம்பத்தைச் சாய்க்காதீர்கள்.